ஆச்சிக்கு மூன்று பட்டன் போதும்
பழைய லேப்டாப்பில் அளவாக ஒரு லினக்ஸ்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கிறதா? பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசு இலவசமாகக் கொடுத்ததாகக் கூட இருக்கலாம். ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரக் கால் மணி நேரம், பிரவுசர் திறக்க இன்னொரு கால் மணி நேரம் என்று வெறுத்துப் போய் மூடி வைத்திருப்பீர்கள். எடைக்குப் போடும் முன் இந்தக் கட்டுரையைப் படித்து விடுங்கள்.

தேவகோட்டையில் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று பலகாரம் செய்து ஆர்டரின் பேரில் அனுப்புகிறார். மதுரை, சென்னை தாண்டி சிங்கப்பூர் வரை பார்சல் போகிறது. கணக்கு எல்லாம் அவர் மகள் பிளஸ் டூ படித்தபோது 2013ல் கிடைத்த அரசு லேப்டாப்பில். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். மகள் கல்யாணமாகிக் கோவைக்குப் போய் விட்டார்; லேப்டாப் ஆச்சியிடம் தங்கி விட்டது.

2025 செப்டம்பரில் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, தீபாவளி ஆர்டர் வர ஆரம்பிச்சிருச்சு. இந்தப் பொட்டி தொறக்குறதுக்குள்ள ஒரு ஈடு தேன்குழல் வெந்துருது. காரைக்குடியில காமிச்சேன், புதுசுதான் வாங்கணும்னுட்டாங்க. இருபத்தஞ்சாயிரமாம்."

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியே நிறுத்தி விட்டது. விண்டோஸ் 10 போடலாம் என்றால், அதற்கும் 2025 அக்டோபர் 14 கடைசி நாள் என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11ஐ இந்த மெஷின் ஏற்காது. ஆனால் மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை பளிச்சென்று இருக்கிறது. பேட்டரி மட்டும்தான் செத்துப் போய், கரண்ட்டில் செருகினால்தான் வேலை செய்யும் நிலை. (இந்தப் பேட்டரி விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

ஏற்கெனவே உள்ளே இருந்த லினக்ஸ்

இங்கே ஒரு சின்ன வரலாறு. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15ல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுத் தந்தார்கள். பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம். அது டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு முன்பே, 2007 வாக்கில், உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அந்த நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. ஆக, தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் வந்தது. ஆனால் பெரும்பாலோர் அதை ஒரு முறை கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் நான் கண்டது. ஆச்சி வீட்டு லேப்டாப்பில் அதுவும் இல்லை. எப்போதோ ஒரு முறை வைரஸ் வந்து, யாரோ ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் பார்மட் செய்து விண்டோஸை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனவே திரும்பவும் டெபியனுக்கே போவது என்று முடிவு செய்தேன். ஆனால் முழு டெபியன் அல்ல, அளவான டெபியன்.

மினிமல் என்றால் என்ன?

வழக்கமாக ஒரு லினக்ஸை இன்ஸ்டால் செய்தால் டெஸ்க்டாப், ஆபீஸ் புரோகிராம், விளையாட்டு, மெயில், புளூடூத், பிரிண்டர் சர்வீஸ், தேடல் இண்டெக்ஸ் என எல்லாமே வந்து உட்காரும். இவற்றில் பாதியை நாம் தொடுவதே இல்லை. ஆனாலும் பல புரோகிராம்கள் பின்னணியில் இயங்கி ராமைத் தின்று கொண்டிருக்கும். 2 ஜிபி ராமில் இது தாங்காது.

மினிமல் சிஸ்டத்தில் வழி நேரெதிர். முதலில் கெர்னல், பைல்களைக் கையாளச் சில கருவிகள், புரோகிராம்களை இறக்க ஒரு பேக்கேஜ் மேனேஜர் ஆகியவை மட்டும் வரும். திரையில் ஐகான் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் லாகின் என்று கேட்கும். அவ்வளவுதான். அதற்கு மேல் எது வேண்டுமோ அதை நாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஆச்சியின் வீடே இதற்கு உதாரணம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. அறைகளில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கின்றன. அவர் புழங்குவது அடுப்படியும் ஓர் அறையும்தான். ஆனால் மழை பெய்தால் எல்லா அறையின் ஓட்டையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பயன்படுத்தாத சாப்ட்வேரும் அப்படித்தான். இருக்கிறது என்றாலே அதற்கும் அப்டேட் வேண்டும், அதிலும் ஓட்டை இருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த வகையில் நிறைய உண்டு. மிகச் சிறியது டைனி கோர். ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கியது. கிராபிக்ஸ் திரையோடு சேர்த்தே ஏறத்தாழ 25 எம்பிதான். ஒரு திருமண ஆல்பத்தின் நான்கைந்து போட்டோக்கள் அளவு. முழுவதும் ராமில் ஏறி இயங்கும். ஆனால் நீங்கள் செய்யும் மாற்றங்களைச் சேமிக்கும் முறை வேறு மாதிரி. புரியாமல் ஷட் டவுன் செய்தால் அன்றைய வேலை காற்றோடு போகும். கணக்கு எழுதுபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆர்ச் லினக்ஸைக் கனடாவின் ஜட் வினெட் 2002ல் வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்குப் பிடித்தமானது. அதன் உதவிப் பக்கங்கள் அருமையானவை. வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் சந்தேகம் வந்தால் அங்கேதான் போய்ப் படிப்பார்கள். ஆனால் அடிக்கடி அப்டேட் செய்து கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் சில சமயம் தலைவலி. 2017 முதல் 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கு அது கிடையாது. ஆல்பைன் மிகச் சிறியது, உறுதியானது, ஆனால் சர்வர்களுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003ல் தந்த பப்பி லினக்ஸை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். இதை எல்லோரும் ஒரு பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் திறக்காத கம்ப்யூட்டரிலிருந்து பைல்களை மீட்க இதைப் போல் உதவுவது வேறில்லை.

டெபியனுக்கு நான் போனதற்குக் காரணம் சலிப்பு தரும் அதன் நிதானம். இயான் மர்டாக் 1993ல் தொடங்கியது. 13ஆவது பதிப்பான ட்ரிக்ஸி 2025 ஆகஸ்ட் 9ல் வந்தது. மூன்று ஆண்டுகள் முழுப் பராமரிப்பு, அதன் பின் 2030 வரை நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. அது வரை ஆச்சி நிம்மதியாகக் கணக்கு எழுதலாம். ஒரு எச்சரிக்கை: 13ஆம் பதிப்பில் 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. உங்கள் பிராசசர் 64 பிட்டா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

முதல் வேலை பேக்கப்

பப்பியில் பூட் செய்து, ஆச்சியின் பைல்கள் அனைத்தையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தேன். 2019 முதலான கணக்கு, மகளின் கல்யாணப் போட்டோக்கள், பலகார அளவுக் குறிப்புகள். காப்பி செய்ததோடு நிறுத்தாமல், அந்த ஹார்ட் டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து பைல்களைத் திறந்தும் பார்த்தேன். காப்பி ஆனது வேறு, திறப்பது வேறு.

பிறகு டெபியனின் நெட் இன்ஸ்டால் ஐஎஸ்ஓ பைலை இறக்கினேன். ஏறத்தாழ 800 எம்பி. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரூபஸ் என்ற இலவச புரோகிராமைக் கொண்டு பென் டிரைவில் எழுதலாம். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்து விடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. (சொல்லாமல் விட்டு ஒருவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.)

இன்ஸ்டால் செய்கையில் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, இணையம். பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் வைபை வரவில்லை என்றால் கலங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கு அது வயர் இணைப்பாகவே தெரியும். 12ஆம் பதிப்பு முதல் வைபைக்கான பெர்ம்வேர் பைல்களும் இன்ஸ்டாலரோடு வந்து விடுவதால் முன்பிருந்த தொல்லை பெரும்பாலும் இல்லை. இரண்டாவது, ரூட் பாஸ்வேர்டு கேட்கும் இடம். அதைக் காலியாக விட்டு விடுங்கள். அப்போதுதான் உங்கள் பெயரில் உருவாகும் கணக்குக்கு, சூடூ என்ற கட்டளை மூலம் நிர்வாகி வேலைகளைச் செய்யும் உரிமை தானாகவே கிடைக்கும். மூன்றாவதுதான் முக்கியம். கடைசியில் எந்தெந்தச் சாப்ட்வேர் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். டெஸ்க்டாப் என்ற கட்டத்திலும், க்நோம் என்ற கட்டத்திலும் இருக்கும் டிக்கை எடுத்து விடுங்கள். ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யுடிலிட்டீஸ் மட்டும் இருக்கட்டும்.

ரீபூட் ஆனதும் கறுப்புத் திரை. ப்ரீ என்ற கமாண்டைக் கொடுத்துப் பார்த்தேன். 200 எம்பிக்குள்தான் ராம் பயன்பாட்டில் இருந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி கேட்டார்: "என்ன தம்பி, ஒண்ணையுமே காணோம்?"

"ஒண்ணும் இல்லை ஆச்சி. என்ன வேணும்னு சொல்லுங்க, வைக்கிறேன்."

கொஞ்சம் யோசித்தார். "கணக்கு வேணும். வாட்ஸ்அப் வேணும். வேலை பாக்கையில பாட்டு வேணும். வேற என்னத்துக்கு?"

எத்தனையோ பேருக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மூன்று பட்டன்

அந்த மூன்றுக்காக வைத்தவை இவை. திரைக்கு எக்ஸ் ஆர்க். விண்டோக்களைக் கையாள ஐஸ்டபிள்யூஎம். இது 1997ல் மார்கோ மாசெக் எழுதத் தொடங்கியது. கீழே டாஸ்க்பார், ஓரத்தில் ஸ்டார்ட் பட்டன் என்று பழைய விண்டோஸ் போலவே இருக்கும், பழக எளிது. லாகின் செய்ய லைட் டிஎம். கணக்குக்கு லிப்ரே ஆபீஸில் கால்க் மட்டும்; ரைட்டர், இம்ப்ரெஸ் எதுவும் இல்லை. பிரவுசருக்கு பயர்பாக்ஸ், அதிலேயே வாட்ஸ்அப் வெப். பாட்டுக்கு ஒரு சிறிய பிளேயர், ஒலி வர பைப்வயர். இணைய இணைப்புக்கு நெட்வொர்க் மேனேஜர். ராம் பற்றாத நேரத்தில் ராமின் ஒரு பகுதியையே சுருக்கி உபயோகிக்கும் இசட் ராம்.

டெபியனில் ஒரு புரோகிராமைக் கேட்டால், அதற்குக் கட்டாயம் தேவைப்படுபவற்றோடு, 'இருந்தால் நல்லது' என்று சிபாரிசு செய்யப்படுபவற்றையும் சேர்த்து இறக்கும். கமாண்டில் சிபாரிசுகள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அவை வராது. இடம் நிறைய மிச்சமாகும். ஆனால் இதுதான் வழுக்கும் இடமும் கூட. சிபாரிசில் எது போனது என்று படித்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் நான் படிக்காமல் விட்டதால், அரை மணி நேரம் ஒலியே வரவில்லை.

ஐஸ்டபிள்யூஎம்மின் அழகு, மெனு என்பது வெறும் டெக்ஸ்ட் பைல் என்பதுதான். ஒரு வரிக்கு ஒரு பட்டன்: பெயர், ஐகான், ஓட வேண்டிய கமாண்ட். நோட்பேட் போன்ற எடிட்டரில் திறந்து எழுதி விடலாம். யூனிகோட் ஏற்பதால் பெயர்களைத் தமிழிலேயே கொடுத்தேன்: கணக்கு, வாட்ஸ்அப், பாட்டு. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன். மற்ற எல்லாவற்றையும் மெனுவிலிருந்து எடுத்தேன். ஆன் செய்து ஒரு நிமிடத்துக்குள் மூன்று பட்டன்களோடு திரை தயார். அப்போது 300 எம்பியைச் சுற்றித்தான் ராம் செலவு. பயர்பாக்ஸைத் திறந்தால் ஏறத்தான் செய்யும். இரண்டு மூன்று டேப் வரை தாராளம், பத்து டேப் திறந்தால் திணறும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் இன்னும் பறக்கும். ஆச்சி இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டார்.

தமிழ் எங்கே?

இது ஆங்கிலக் கட்டுரைகளில் கிடைக்காத பாடம். மினிமல் சிஸ்டத்தில் தமிழ் எழுத்துரு இல்லாமல் போகலாம். அப்போது தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். லோஹித் தமிழ் எழுத்துருவின் பேக்கேஜ் மிகச் சிறியது. அதை இறக்கினால் போதும், கட்டங்கள் தமிழாகி விடும். தட்டச்சு செய்ய ஐபஸ், அதோடு எம்17என் என்ற இரண்டும் வேண்டும். இதில் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஒலியியல் முறை என்று எல்லாமே இருக்கின்றன. தமிழ்99 என்பது 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை. ஆச்சியின் மகளுக்கு அதுதான் பழக்கம். ஆச்சிக்கு ஒலியியல் முறை.

ஒரு பைல் மட்டும் முரண்டு பிடித்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிடிபி சென்டரில் டைப் செய்து வாங்கிய பலகார அளவுக் குறிப்பு. திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். காரணம், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அக்காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், பைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்து குறிகளே தெரியும். இதற்குத் தற்காலிக வழி, பழைய விண்டோஸின் பாண்ட்ஸ் போல்டரிலிருந்து பாமினி பைலை எடுத்து, லினக்ஸில் நம் பெயரிலுள்ள போல்டருக்குள் எழுத்துருக்களுக்கான இடத்தில் வைப்பது. (விண்டோஸை அழிக்கும் முன் பாண்ட்ஸ் போல்டரையும் காப்பி செய்யச் சொல்வது இதற்காகத்தான்.) நிரந்தர வழி, ஒரு கன்வெர்ட்டர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி விடுவது. தமிழின் யூனிகோட் முறையைத் தமிழக அரசு 2010ல் ஏற்று அறிவித்தது. அதற்கு முந்தைய பைல்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே மாற்றிக் கொள்ளுங்கள். ஆச்சியின் குறிப்பை மாற்றியபோது 'ஒரு படி' என்பது ஓரிடத்தில் பிசகியிருந்தது. அவர் பார்த்தவுடன் கண்டுபிடித்து விட்டார்.

தீபாவளி ஆர்டர்கள் காணாமல் போன மாலை

எல்லாம் நன்றாக ஓடியது. ஓட விட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மினிமல் என்பது ஒரு போதை. பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு நாள் பட்டியல் எடுத்துப் பார்த்தேன். இது எதற்கு, அது எதற்கு என்று நீக்கிக் கொண்டே வந்தேன். அதில் இணையத்திலிருந்து சரியான நேரத்தைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் ஒரு சின்ன சர்வீஸும் போனது. லேப்டாப்பிலேயே கடிகாரம் இருக்கிறதே, இது எதற்கு என்று நினைத்தேன்.

அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுவதும் கரண்ட் இல்லை. மாலை ஆறு மணிக்கு ஆச்சியிடமிருந்து போன். குரலே சரியில்லை. "தம்பி, தீபாவளி ஆர்டர் எல்லாம் போச்சு. ஒண்ணு கூட இல்ல."

ஓடினேன். கணக்கு பைலில் 'இந்த வாரம் அனுப்ப வேண்டியவை' என்று ஒரு பக்கம் போட்டுக் கொடுத்திருந்தேன். இன்றைய தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் அனுப்ப வேண்டியவற்றை மட்டும் அது காட்டும். அந்தப் பக்கம் காலி. மூல பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஆர்டர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசி நான்கு மட்டும் ஆகஸ்ட் தேதியில் இருந்தன. அன்று மாலை ஆச்சி எழுதியவை அவை. கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் அழுத்தினால் அன்றைய தேதி வந்து விழும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். மெயிலைத் திறக்கப் போனால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று மறுத்தது. வேறு சில தளங்கள் திறந்தன.

இப்போது புரிந்தது. லேப்டாப்பின் பெரிய பேட்டரி செத்தது தெரியும். உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பட்டன் பேட்டரியும் செத்திருந்தது. கரண்ட் இருந்தவரை தெரியவில்லை. அது போனதும் கடிகாரம் தொடக்கத்துக்கே போய் விட்டது. லினக்ஸ் பூட் ஆகும்போது, தேதி தான் உருவான நாளுக்கும் முந்தையதாக இருந்தால் அது தப்பு என்று உணர்ந்து, தான் உருவான நாளுக்குத் தேதியை நகர்த்திக் கொள்ளும். அதனால்தான் 2011 என்று கண்ணை உறுத்தாமல், சாதுவாக ஆகஸ்ட் 2025 என்று காட்டியது. வருடம் சரியாக இருந்ததால் ஆச்சிக்குத் தெரியவில்லை. தளங்கள் மறுத்ததும் இதனால்தான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. செப்டம்பரில் வாங்கிய சான்றிதழ், ஆகஸ்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்னும் பிறக்காத ஒன்று.

நேரம் திருத்தும் சர்வீஸை மறுபடி இறக்கப் பார்த்தால் அதற்கும் ஆப்ட் மறுத்தது. சர்வரில் இருக்கும் பட்டியலின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறதாம்! முதலில் கையால் தேதியைச் சரி செய்து, பிறகு இறக்கினேன். 'இந்த வாரம்' பக்கம் மறுபடி நிறைந்தது. நான்கு ஆர்டர்களின் தேதியை ஆச்சியின் போனிலுள்ள வாட்ஸ்அப் மெசேஜ்களைப் பார்த்துத் திருத்தினோம். அதில் ஒன்று சிங்கப்பூர் பார்சல். மறுநாள் காலையே போக வேண்டியது. அன்றிரவு அடுப்பு அணையப் பதினோரு மணி ஆனது.

மறுநாள் பட்டன் பேட்டரியை வாங்கி மாற்றினேன். இந்த லேப்டாப்பில் வயரோடு வரும் வகை; விலை ஒன்றும் பெரிதில்லை. டாஸ்க்பார் கடிகாரத்தில் மணியோடு தேதியும் தெரியும்படி ஐஸ்டபிள்யூஎம்மின் பிரிபரன்சஸ் பைலில் ஒரு வரியை மாற்றினேன். எந்தெந்தப் பேக்கேஜ் போட்டேன், எதை ஏன் எடுத்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி லேப்டாப் பைக்குள் வைத்தேன். நீங்களும் இப்படி எழுதி வையுங்கள். முழு லினக்ஸ் என்றால் அதை உருவாக்கியவர்கள் பட்டியல் வைத்திருப்பார்கள். நாமே பொறுக்கிச் சேர்த்த சிஸ்டத்துக்குப் பட்டியல் நம்மிடம்தான் இருக்கும். நாம் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

யாருக்கு வேண்டாம்?

டேலி ஓட்டுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வரி தாக்கல் செய்பவர்கள், விண்டோஸில் மட்டும் இயங்கும் சாப்ட்வேரை நம்பித் தொழில் செய்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். பழைய லேசர் பிரிண்டர்கள் சில லினக்ஸில் சண்டித்தனம் செய்யும். பப்பி அல்லது டெபியனின் லைவ் பதிப்பில் பூட் செய்து, வைபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பார்த்து விட்டே ஹார்ட் டிஸ்க்கைத் தொடுங்கள். பொறுமை குறைவு, ஆனால் லினக்ஸ் வேண்டும் என்றால் தயாராகவே வரும் லேசான லினக்ஸ்கள் இருக்கின்றன. லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கு 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழில் நிறைய இருக்கிறது.

ஆச்சி இப்போது நான்காவதாக ஒரு பட்டன் கேட்கிறார். பார்சலில் ஒட்ட விலாசச் சீட்டு அச்சிட வேண்டுமாம். பிரிண்டர் சர்வீஸை இறக்க வேண்டும். அதை அடுத்த வாரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். கூலி, ஒரு தூக்கு வாளி மணகோலம்.